பழைய ஹைலக்ஸை காட்டுப்பாதைக்குத் தயார்செய்தல்

முன்பக்கத்திலும் திட அச்சும் பட்டை வில்லும் (லீஃப் ஸ்பிரிங்) கொண்ட பழைய டொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106 கெப் வாகனத்தை வாங்குவோர், எஞ்சினைக் கேட்பதற்கு முன் சேசியின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். கடற்காற்று படும் கொழும்பில் நின்ற வாகனமாயின், பின் வில் பொருத்தப்படும் தாங்கிகளின் அருகே சிறு சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்ற ஒலிக்குப் பதிலாக மந்தமான ஓசை எழுந்து துருச்செதில் உதிர்ந்தால், அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்த பின்னரே மற்றைய வேலைகளைத் தொடங்க வேண்டும். பெயின்ற் கடைசியில் அடிக்கலாம்.

முன் சில்லின் உட்புறத்திலுள்ள உருண்டைக் கூட்டில் கிறீஸ் நீர்த்து வழிந்தால், அச்சின் உள் சீல் (ஒயில் கசியாமல் தடுக்கும் வளையம்) தேய்ந்து கியர் ஒயில் கலந்துவிட்டது என்று பொருள். சீல்களையும் பெயாரிங்குகளையும் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடலாம். ஆனால் பிரேக் பாகங்களைப் பழையதாக வாங்குவதை நான் ஏற்பதில்லை.

உயரத்தை இரண்டு அங்குலத்துக்கு மேல் கூட்டுவது பெரும்பாலும் வீண் பகட்டே. அந்த அளவுக்கே பிரேக் குழாய்களை நீளமானவையாக மாற்ற வேண்டிவரலாம். ஓடிச் சூடேறிய அச்சு ஆற்றுநீரில் இறங்கிச் சட்டெனக் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியே நீரை இழுத்துக்கொள்ளும் என்பதால், அச்சினுள் காற்று போய்வரும் மூச்சுக்குழாயை எஞ்சின் அறையின் மேற்பகுதிவரை நீட்டிக் கட்டிவிடுங்கள். மாற்றங்களைச் செய்வதற்கு முன்பே, எவற்றுக்கு அனுமதி தேவை என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.