போன்சாய்க்குப் பங்கசு வந்தால்: முதலில் இலையைப் பாருங்கள்

வன்னியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் போன்சாயின், அதாவது சாடியில் குறுக்கி வளர்க்கும் மரத்தின், இலை காய நேரம் கிடைப்பதில்லை. புள்ளி நோயும் வேர் அழுகலும் வருவது அப்போதுதான். தை, மாசியில் பகல் காய்ந்து இரவில் பனி கொட்டும்போது வெண்பங்கசு தலைகாட்டும். புளியின் இளந்துளிரில் அதைத் தேடிப் பாருங்கள்.

1. என்ன நோய் என்று பிரித்தறியுங்கள்

கடைக்கு ஓட வேண்டாம். எங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம்; இலையில் தெளித்துக் காய்ந்தால் வெள்ளைக் கறை படியும். அதைப் பங்கசு என்று நம்பி மருந்தடிப்பவர்கள் நிறையப் பேர். உலர்ந்த விரலால் தேயுங்கள். கோதுமை மா தூவியது போல இருந்து விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் அது வெண்பங்கசு. சொரசொரப்பாக அப்படியே இருந்து, ஒரு சொட்டுத் தேசிக்காய்ச் சாற்றில் கரைந்தால் அது சுண்ணாம்பு.

இலையில் கரி பூசியது மாதிரி இருந்து, எறும்பும் ஏறி இறங்கினால் பூச்சியைத் தேடுங்கள். மாப்பூச்சியும் செதில் பூச்சியும் கழிக்கும் இனிப்பு நீரில்தான் கரும்பங்கசு வளர்கிறது. பூச்சியைத் துடைத்தெடுத்து, இலையைச் சவர்க்கார நீரால் கழுவினால் போதும்.

மஞ்சள் விளிம்போடு பழுப்புப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் இலைப்புள்ளி நோய்.

2. வெட்டி அகற்றுங்கள்

சாடியை மற்ற மரங்களிலிருந்து தள்ளி வையுங்கள். நோய் கண்ட இலைகளை வெட்டி, விழுந்து கிடப்பவற்றையும் பொறுக்கி எரித்துவிடுங்கள். பசளைக் குழியில் போடாதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

3. தெளியுங்கள்

வெண்பங்கசுக்குப் பசும்பால் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. வெயில் படும் காலையில், இலையின் அடிப்பக்கமும் நனைய, வாரம் ஒருமுறை. அப்பச்சோடாவும் வேலை செய்யும், ஆனால் அதன் உப்பு சின்னச் சாடி மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். எனக்குப் பால்தான் பிடிக்கும்.

புள்ளி நோய்க்குச் செம்பு கலந்த பங்கசுநாசினி. சுட்டியில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மீதிக்கு அடியுங்கள். வெண்பங்கசுக்குக் கந்தகத்தூள் போடுபவர்களும் உண்டு; அதைக் கொதிக்கும் வெயிலிலோ, வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளோ போட்டால் இலை கருகும். அப்புறம், மருந்தடித்த போத்தலைக் கிணற்றடியில் கழுவாதீர்கள். சந்தேகம் என்றால் நோயுற்ற இலையொன்றைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டலாம்.

4. வேரையும் பாருங்கள்

மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடினால் மரத்தைச் சாடியிலிருந்து எடுங்கள். அழுகிய வேர் கறுத்து நாறும். இழுத்தால் தோல் கழன்று உள்ளே நரம்பு மட்டும் மிஞ்சும். நல்ல வேர் தெரியும்வரை வெட்டுங்கள். திரும்ப நடும்போது செம்மண்ணை மட்டும் நிரப்ப வேண்டாம், நனைந்தால் இறுகிவிடும். சல்லடையில் சலித்த ஓட்டுத்துண்டும் பருமணலும் பாதிக்கு மேல் இருக்கட்டும். புது வேர் பிடிக்கும்வரை நிழல்தான், உரம் கிடையாது.

அடைமழை நாட்களில் சாடியின் ஒரு பக்கத்துக்குக் கல் வைத்துச் சரித்துவிடுங்கள், நீர் வடிந்துவிடும்.

புள்ளி விழுந்த இலை மறுபடி பச்சையாகாது, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். புதுத் துளிர் சுத்தமாக வந்தால் தெளிப்பதை நிறுத்தலாம்.