ஓ.எல். இங்கிலீஷ் ரிவிஷன்: திருத்தின கொப்பிய மூடி வைக்காதீங்கோ

பதினோராம் வகுப்பு முடிய எழுதிற ஓ.எல். சோதனை கிட்டுதெண்டா போதும், திருகோணமலையில ஒவ்வொரு ரியூஷன் கொட்டிலிலயும் பாஸ்ட் பேப்பர் கட்டோட பிள்ளையள் வந்து நிப்பினம், அந்தக் காலத்தில நாங்கள் நிண்ட மாதிரியே. ஸ்பெல்லிங், கேப்பிட்டல் லெட்டர் பற்றியெல்லாம் நான் இங்க எழுதப் போறேல்ல, அதை உங்கட ரீச்சர்மார் சொல்லிச் சொல்லிக் களைச்சிட்டினம். இங்கிலீஷ் ரிவிஷனில பிள்ளையள் விடுற வேற பிழையளத்தான் கீழ ஒண்டொண்டா சொல்றன்.

பந்திய வரி வரியா தமிழாக்கிறது

ரெண்டாவது பேப்பருக்கு ரெண்டே மணித்தியாலம்தான். தெரியாத சொல் ஒண்டு வந்த உடன அதிலயே நிண்டா எஸே எழுத நேரம் மிஞ்சாது. முதல்ல கேள்வியளப் பாருங்கோ, பிறகு பந்திக்குப் போங்கோ. 'தே' எண்டது ஆரைக் குறிக்குது எண்டு கேட்டா அதுக்கு முன்னுக்கு உள்ள வரியளிலதான் அனேகமா விடை கிடக்கும், ஆனா பிள்ளையள் பின்னுக்குத் தேடுவினம்.

திருத்தின எஸேய மூடி வைக்கிறது

எனக்கு இண்டைக்கும் விசர் வாறது இதுக்குத்தான். போன வருசம் ஒரு பிள்ள கன்னியா வெந்நீர் கிணத்துக்குப் போன பயணத்த எழுதினா, ஏழு கிணத்துக்கும் ஏழு சூடு எண்டு நல்ல வடிவா எழுதியிருந்தா, இடையில 'வீ டிட் நொட் வென்ட்' எண்டு ஒரு வரி. சிவப்பால வட்டம் போட்டு 'கோ' எண்டு மேல எழுதிக் குடுத்தன். அடுத்த கிழமை நிலாவெளி பற்றி எஸே, அதில 'ஷீ டிட் நொட் கேம்'. கொப்பிய முன்பக்கம் பிரட்டிக் காட்டி, "பிள்ள, இதப் பாத்தனீயா?" எண்டு கேட்டன். "மார்க்ஸ் பாத்தனான் சேர்" எண்டா.

அவ அந்த ஒரு சொல்லத்தான் திருத்தினவ, 'டிட்' வந்தா பின்னால வாற வினைச்சொல் மாறாம அப்பிடியே நிக்கும் எண்டத பிடிக்கேல்ல. இப்பிடியே எஸேக்கு மேல எஸே எழுதினா பிழையத்தான் பழகிறியள், அதுக்குப் பேர் ரிவிஷன் இல்ல.

இன்னொருத்தன் நான் சிவப்பால எழுதினதையெல்லாம் பார்த்து நீலப் பேனையால அழகா கொப்பி பண்ணிக் கொண்டு வந்தான், கையெழுத்துக்கு வேணுமெண்டா மார்க்ஸ் போடலாம். அப்பிடியில்ல. கொப்பியின்ர கடைசிப் பக்கத்தில உங்கட பிழையள எழுதி வையுங்கோ, பக்கத்தில ஏன் பிழை எண்டு தமிழிலயே ஒரு வரி. ரெண்டு நாள் விட்டு கொப்பியப் பாக்காம அதே எஸேய திருப்பி எழுதி, அந்தக் கடைசிப் பக்கத்த வச்சு நீங்களே திருத்துங்கோ. உவர்மலையில ஒரு அம்மா, "சேர், இன்னும் அந்தப் பழைய எஸேயோ, புதுசு ஒண்டும் குடுக்கேல்லயோ?" எண்டு கோவிச்சவ. கோவிக்கட்டும், நான் குடுக்கேல்ல.

பாடமாக்கின எஸே

கேள்வி டச் பே கடற்கரை குப்பையப் பற்றி, விடை நுவரெலியா பயணம். திருத்திறவருக்கு உடன தெரியும்.

கிராஃபுக்குக் காரணம் சொல்றது

கிராஃபப் பாத்து எழுதிறது நூறு சொல் அளவில முடிக்கிற வேலை. கூடினது எது, குறைஞ்சது எது, எதுவும் எதுவும் சமன், அதுகள ஒப்பிட்டாக் காணும். எல்லா நம்பரையும் ஒண்டொண்டா ஒப்புவிக்கத் தேவையில்ல. கிராஃபில கிரிக்கெட்டுக்கு ஆக்கள் கூட எண்டு இருந்தா அதோட நிப்பாட்டுங்கோ, 'ஏனெண்டா டிவியில மட்ச் போகுது' எண்டு நீங்களா காரணம் கட்டாதீங்கோ, அது கிராஃபில இல்ல.

சொல் எண்ணுறது

எஸே எழுதேக்க விரல் வச்சு இருநூறு சொல் வரைக்கும் எண்ணாதீங்கோ. ஒரு வரியில எத்தின சொல் வருது எண்டு பாத்து வரிய எண்ணுங்கோ.

லெட்டர் முடிவு

'டியர் சேர்' எண்டு தொடங்கினா 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி'. பிரின்சிபலுக்கு 'யுவர் லவிங் சன்' வேண்டாம்.