வயதைப் பார்த்துப் பங்கு வாங்குவது

கும்பகோணத்தில் எங்கள் தெருமுனையில் பால்வாடி இருந்த இடத்தில் இப்போது ரத்தப் பரிசோதனை நிலையம். குழந்தைகள் குறைந்து முதியோர் கூடுவதைப் பார்த்து, நீண்ட காலம் வைத்திருக்கும் நிறுவனப் பங்குகளைத் தேடும் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

முதலில் வயதுக் கணக்கைப் பாருங்கள். அடுத்த வருட வட்டி விகிதத்தைக் கணிப்பது கஷ்டம். இன்று 50 வயதானவருக்குப் பத்தாண்டில் 60 என்பதற்கு ஜோசியம் வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3.0. மக்கள்தொகை குறையாமலிருக்க 2.1 வேண்டும். ஆக, ஒரே நாட்டுக்குள் இரண்டு சந்தைகள்: அங்கே பள்ளிச் சீருடையும் முதல் பைக்கும், இங்கே கண்புரை அறுவையும் முழங்கால் மாற்றும். நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் விற்பனை எந்த மாநிலங்களில் நடக்கிறது என்று தேடுங்கள். ஜப்பானின் ஓஜி நிறுவனம் 2024-இல் உள்நாட்டில் குழந்தை டயப்பர் தயாரிப்பதையே நிறுத்திவிட்டுப் பெரியவர்களுக்கான டயப்பர் பக்கம் திரும்பியது.

அப்புறம் விலை. இங்கேதான் நான் சறுக்கினேன். முதியோர் பெருகுகிறார்கள் என்ற உற்சாகத்தில் ஒரு மருத்துவமனைப் பங்கை, ஒரு பங்குக்குக் கிடைக்கும் ஆண்டு லாபத்தைப்போல் 70 மடங்கு விலையில் வாங்கினேன். நோயாளிகள் வந்தார்கள், லாபமும் கூடியது. பங்கு மட்டும் ஐந்து வருடம் அசையவில்லை. எனக்குத் தெரிந்த போக்கு சந்தைக்குத் தெரியாதா என்ன!

இப்போது நிறுவனத்துக்குக் கடன் குறைவா, அது போட்ட மூலதனத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீத லாபமாவது வருகிறதா என்று பார்த்துவிட்டு, பங்கு விலை அந்த லாபக் கணக்கில் 30 மடங்குக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்கிறேன். வாங்குவதும் ஒரேயடியாக இல்லை. மூன்று ஆண்டுகளில் 12 தவணை. வீட்டில் இதற்குச் சீட்டு கட்டுவது என்று பெயர்.