ஆவிலா மதிலில் எந்தப் பக்கம் ஏறுவது? தப்பான படியில் ஏறியவன் சொல்கிறேன்

ஸ்பெயினின் வடமேற்கில் லூகோ என்று ஓர் ஊர். ரோமானியர் கட்டிய மதில் அங்கே இன்னும் முழு வட்டமாக நிற்கிறது, மேலே ஏறி ஒரு சுற்று சுற்றி ஏறின இடத்துக்கே வந்து இறங்கலாம், காசும் கிடையாது. நான் முதலில் போனது அந்த ஊருக்கு. அதே நினைப்பில், மாட்ரித்துக்குப் பக்கத்தில் மதில் சூழ்ந்து நிற்கும் ஆவிலா என்ற ஊருக்கும் போய் நின்றதுதான் என் தப்பு. ஆவிலாவில் மேலே அப்படி முழுச் சுற்று வர முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் அந்த ஊரின் சுவாரசியமே இருக்கிறது, அதை ஐந்தாம் படியில் சொல்கிறேன். விசா, விமான டிக்கெட் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், மாட்ரித்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

படி 1: ரயில்

மாட்ரித்தில் பெரிய ரயில் நிலையம் என்றதும் எல்லோரும் அதோச்சாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆவிலாவுக்கு சமார்த்தின் நிலையம் போக வேண்டும். ஒன்றரை மணி நேரப் பயணம். தெற்குப் பேருந்து நிலையத்திலிருந்து பஸ்ஸும் உண்டு, நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். எனக்கு ரயில்தான் பிடிக்கும், எல் எஸ்கோரியல் தாண்டியதும் மலையும் பாறையுமாக வரும் அந்தக் காட்சிக்காகவே. திரும்பி வரும் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே பார்த்துவையுங்கள்.

படி 2: குளிர்

ஆவிலா கடல் மட்டத்திலிருந்து 1,130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்பெயினின் மாகாணத் தலைநகரங்களிலேயே உயரமானது இதுதான். மே மாதம், மாட்ரித்தில் வியர்க்கிறது என்று ஒற்றைப் பருத்திச் சட்டையோடு போனேன், மதில் மேல் அடித்த காற்றில் பல் கிட்டிவிட்டது. காது மூடுகிற மாதிரி ஒரு ஜாக்கெட் போதும். குடை வேண்டாம், அந்தக் காற்றில் அது உங்களை இழுத்துக்கொண்டு போகும். செருப்பு வேண்டவே வேண்டாம். மதிலுக்குள் இருக்கும் படிகள் உயரம் உயரமான கருங்கல், நடுவில் தேய்ந்து வழுக்கும், ரப்பர் அடி உள்ள ஷூதான் சரி.

படி 3: முதலில் பேராலயத்தின் முதுகைப் பாருங்கள்

நிலையத்திலிருந்து மதில் ஒன்றரை கிலோமீட்டர், நடந்துவிடலாம். நேராகப் பேராலய வாசலுக்குப் போகாதீர்கள். மதிலுக்கு வெளியே, கிழக்குப் பக்கமாகப் போகும் சான் செகுந்தோ தெருவில் நின்று நிமிர்ந்து பாருங்கள். வரிசையாகக் கொத்தளங்கள், நடுவில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பருத்து, அரைவட்டமாகப் பிதுங்கி நிற்கும். அதற்கு சிமோர்ரோ என்று பெயர். பார்த்தால் கோட்டைதான். ஆனால் அதுதான் பேராலயத்தின் பின்சுவர். பலிபீடத்துக்குப் பின்னால் வளைந்து போகிற சுவரையே மதிலின் கொத்தளமாகக் கட்டிவிட்டார்கள். உள்ளே பூசை, மேலே காவல்.

அதே கிழக்கு மதிலில் இன்னொன்றும் தேடுங்கள். கீழ்வரிசைக் கற்களில் சில, மற்றவை மாதிரி சும்மா சதுரமாக இல்லாமல், செதுக்கிய விளிம்பும் குழியுமாக இருக்கும். ரோமானியர் கல்லறைகளிலிருந்து பெயர்த்து வந்து சொருகியவை. நான் விரலை வைத்துத் தடவிப் பார்த்த ஒரு கல்லில் வளைவு வேலை பாதியில் அறுந்து, அடுத்த கல் தொடங்கிவிட்டது.

படி 4: உள்ளே

நுழைவுக் கட்டணம் உண்டு. கட்டடம் 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது, கோதிக் (கூரான வளைவுகள் கொண்ட கட்டடப் பாணி) பேராலயங்களில் ஸ்பெயினின் மிகப் பழையவற்றில் ஒன்று என்பார்கள். பீடத்தைச் சுற்றியுள்ள பகுதியில் கல்லே வெள்ளையில் சிவப்பு வழிந்த மாதிரி இருக்கும். நான் முதலில் பெயிண்ட் என்றே நினைத்தேன். இயற்கையான நிறம்தான், பக்கத்தில் லா கொலீயா என்ற ஊரில் வெட்டிய கல்.

பீடத்தின் பின்னால் போக மறக்காதீர்கள். எல் தொஸ்தாதோ என்ற ஆயரின் சமாதி அங்கே இருக்கிறது, 1455-இல் இறந்தவர். வெள்ளைக் கல்லில் மனிதர் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருக்கிறார். அவர் எழுதிக் குவித்ததைப் பார்த்து, அளவில்லாமல் எழுதுகிறவரை 'தொஸ்தாதோவைவிட அதிகம் எழுதுகிறான்' என்று ஸ்பானியர்கள் இன்றும் சொல்வதுண்டு. என்னை மாதிரி ஆட்களுக்கு அவரே குலதெய்வம். உள்முற்றத்துத் தாழ்வாரத்தில் இன்னொரு கல்லறை, சர்வாதிகாரத்துக்குப் பிறகு ஸ்பெயினை ஜனநாயகத்துக்குக் கொண்டுவந்த பிரதமர் அதோல்ஃபோ சுவாரெஸுடையது, 2014-இல் அடக்கம் செய்தார்கள்.

சாப்பாடு: இரண்டு மணிக்கு முன்னால் போனால் சமையலறையே முழித்திருக்காது. மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு சுலெத்தோன், எலும்போடு கனத்த துண்டு, இருவர் பங்கிட்டால்தான் முடியும். சைவம் என்றால் கஷ்டம், 'சின் கார்னே' (கறி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் பன்றித் தொடைக்கறி வந்துவிடும், அது அவர்கள் கணக்கில் கறி இல்லை. 'சின் ஹமோன்' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

*(பின்னால் சேர்த்தது: மசித்த உருளைக்கிழங்கு, பதாதாஸ் ரெவொல்கோனாஸ், மேலே வைக்கும் பன்றிக்கொழுப்பு வறுவலை எடுத்துவிட்டால் சைவம்தான் என்று எழுதியிருந்தேன். ஒரு வாசகி திருத்தினார்: மிளகாய்ப்பொடியை வதக்குவதே அந்த வறுவலில் உருகிய கொழுப்பில்தானாம். ஆகவே அதுவும் கிடையாது. முட்டை ஆம்லெட், சாலட், அவ்வளவே. மன்னிக்கவும்.)*

படி 5: மதில். இங்கேதான் கவனம்

மதிலின் சுற்றளவு இரண்டரை கிலோமீட்டர், வாசல்கள் ஒன்பது, கொத்தளங்கள் எண்பதுக்கும் மேல். இதில் மேலே நடக்க விட்டிருப்பது சுமார் 1,700 மீட்டர், அதுவும் ஒரே துண்டாக இல்லை.

நான் செய்தது: பெரிய வாசலாகத் தெரிகிறதே என்று அல்காசர் வாசலில் டிக்கெட் வாங்கி ஏறினேன். கொஞ்ச தூரம்தான் நடந்திருப்பேன், பாதை முடிந்துவிட்டது. எட்டிப் பார்த்தால் தூரத்தில் மதில் மேல் ஆட்கள் ஜாலியாக நடந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு வழி இல்லை. கம்பிக் கதவு ஏதாவது பூட்டிக் கிடக்கிறதா என்று தேடி, திரும்பி நடந்து, மறுபடி வந்து, அரைமணி நேரம் வீண். போனில் உள்ள வரைபடம் மதிலை ஒரே கோடாகத்தான் காட்டுகிறது, அதை நம்பித்தான் இந்த அலைச்சல். கடைசியில் தலையில் தட்டிக்கொண்டேன், காலையில் கீழே நின்று வாய் பிளந்து பார்த்த அதே சிமோர்ரோதான் குறுக்கே நிற்கிறது! பேராலயம் மதிலுக்குள் புகுந்திருப்பதால் மேல்நடை அங்கே அறுந்துபோகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: பேராலயத்தை ஒட்டி 'காசா தே லாஸ் கார்னிசெரியாஸ்', பழைய இறைச்சிக் கடைக் கட்டடம், மதிலோடு ஒட்டி இருக்கிறது. அங்கே ஏறுங்கள். அதுதான் நீளமான பகுதி. சான் விசெந்தே வாசல் மேலாக வடக்கு மதில் முழுக்க, மணிக்கூண்டு வைத்த கார்மென் வாசலைத் தாண்டி, ஆற்றுப்பக்கம் பாலத்து வாசல் வரை இறங்கிக்கொண்டே போகும். ஒரு டிக்கெட்டே இரண்டு பகுதிக்கும் செல்லும், ஆகவே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அல்காசர் துண்டை நேரம் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் நஷ்டமில்லை. சுற்றுலா அலுவலகத்தில் ஒரு காகித வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள், போனைவிட அது மேல்.

மாலை வெயில் சாயும் நேரம் பார்த்து ஏறுங்கள். ஒரு பக்கம் ஓட்டுக்கூரைகள், மறுபக்கம் வெறும் பாறையும் புல்லுமான வெட்டவெளி. கோபுரங்களின் உச்சியில் நாரைக் கூடுகள், அலகைத் தட்டும் சத்தம் மரக்கட்டையை உரசுகிற மாதிரி கேட்கும்.

படி 6: நான்கு தூண்

பாலத்து வாசலில் இறங்கி அதாகா ஆற்றைக் கடந்து மேடு ஏறினால் லோஸ் குவாத்ரோ போஸ்தெஸ். நான்கு தூண், நடுவில் கல் சிலுவை, அவ்வளவுதான். ஆனால் முழு மதிலும் ஒரே பார்வைக்குள் வருவது இங்கிருந்துதான். இது ஊருக்கு மேற்கே இருப்பதால் மாலையில் சூரியன் உங்கள் முதுகில், மதில் முழுக்கப் பொன்னிறம். காலையில் போனால் கண் கூசி ஒன்றும் தெரியாது. 1515-இல் பிறந்த, இந்த ஊர்ப் புனிதையான தெரேசா, சின்னப் பெண்ணாக இருந்தபோது, மூர்கள் எனப்படும் முஸ்லிம்கள் கையில் வீரமரணம் அடையப்போகிறோம் என்று அண்ணனோடு வீட்டைவிட்டுக் கிளம்பி, இந்த இடத்தில் சித்தப்பாவிடம் மாட்டிக்கொண்டு திரும்பினாளாம். ஊர்க்கதை.

*(இன்னொரு சேர்ப்பு: முட்டிவலி உள்ள அம்மாவோடு போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மேலே ஏற்றாதீர்கள். தெற்குப் பக்கம் மதிலின் அடியில் ராஸ்த்ரோ நடைபாதை, உட்கார பெஞ்சு, எதிரே பள்ளத்தாக்கு. ரயில் மாதிரி ஒரு குட்டிச் சுற்றுலா வண்டியும் ஊரைச் சுற்றுகிறது, அதில் ஏற்றிவிடுங்கள்.)*

ஸ்பெயினில் கோடையில் இருட்ட ஒன்பதரை, பத்து ஆகிவிடும். அந்திவரை தூண்களடியில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் மேடும் பள்ளமுமாக நிலையம் வரை ஓடி ரயில் பிடிப்பது நடக்காத காரியம். நான் ஓடினேன், பிடிக்கவில்லை, நிலையத்துக்குப் பக்கத்தில் அறை தேடினேன். நீங்கள் முதலிலேயே ஓர் இரவு தங்குகிற மாதிரி அறை போட்டுவிடுங்கள், மதிலுக்கு உள்ளேயே.