வேற்றுக்கிரக விண்கலம் வந்ததா? ரெண்டில்ஷம் வழக்கை வைத்துச் சரிபார்க்கப் பழகலாம்

1980 டிசம்பர் கடைசியில், இங்கிலாந்தின் ரெண்டில்ஷம் காட்டில் அமெரிக்க விமானப்படை வீரர்கள் விநோதமான வெளிச்சங்களைப் பார்த்தார்கள். அருகிலிருந்த அவர்களது விமானப்படைத் தளத்தின் துணைத் தளபதி சார்லஸ் ஹால்ட் எழுதிய குறிப்பும், காட்டுக்குள் நின்றபடியே அவர் பதிந்த ஒலிநாடாவும் இணையத்தில் கிடைக்கின்றன. இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். அடுத்தவர் சுருக்கிச் சொல்லும் காணொளிகளை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

படி 1: தேதி

நான் இரண்டு வாரம் தடுமாறியது இங்கேதான். முதல் சம்பவம் 27ஆம் தேதி அதிகாலை 3 மணிவாக்கில் நடந்ததாக ஹால்ட் எழுதியிருக்கிறார். அந்த இரவில் வானில் என்ன நடந்தது என்று தேடினேன், ஒன்றுமே பொருந்தவில்லை. உண்மையிலேயே மர்மம்தான் என்று நம்பத் தொடங்கிவிட்டேன். அப்புறம்தான் உள்ளூர் போலீஸ் பதிவேட்டைப் பார்த்தேன். தளத்திலிருந்து அழைப்பு வந்தது 26ஆம் தேதி காலை 4.11க்கு! குறிப்பு எழுதப்பட்டதோ 1981 ஜனவரி 13 அன்று. இடையில் ஒரு நாள் பிசகியிருக்கிறது. தேதியைத் திருத்தியதும் விடை கிடைத்தது: 26ஆம் தேதி 3 மணிக்குச் சற்று முன்னால், தென் இங்கிலாந்து வானில் ஒரு பெரிய எரிநட்சத்திரம் பளீரென எரிந்து போயிருக்கிறது. அதனால் சாட்சி சொல்லும் தேதியை இன்னொரு பதிவோடு ஒப்பிடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: ஒலிநாடா

இது 28ஆம் தேதி அதிகாலையில் பதிந்தது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறவுங்கள், இலவசம், இதற்கு வேறெதுவும் வேண்டாம். வெளிச்சம் மறுபடி தெரிகிறது என்று குரல் எழும் இரண்டு இடங்களுக்கு இடையே சுட்டியை இழுத்தால் கீழே இடைவெளி தெரியும். சுமார் 5 நொடி. அவர்கள் பார்த்த அதே திசையில், கடற்கரையில் ஆர்ஃபோர்ட் நெஸ் கலங்கரை விளக்கம் இருந்தது. அது 5 நொடிக்கு ஒருமுறை மின்னிக்கொண்டிருந்தது.

படி 3: வானம்

தெற்கே தாழ்வாக ஒரு பொருள் இரண்டு மூன்று மணி நேரம் தெரிந்ததாகவும் குறிப்பில் இருக்கிறது. எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் வானம் எப்படி இருந்தது என்று காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் அந்த ஊரையும் 28ஆம் தேதி அதிகாலையையும் கொடுங்கள். அந்தப் பக்கம் சிரியஸ் நட்சத்திரம் நிற்கும். கைபேசியைவிடக் கணினியில் செய்வது வசதி.

பின்சேர்க்கை: சிரியஸ் காணவில்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஊரை மாற்றினாலும் நேரம் இந்தியக் கணக்கிலேயே நின்றிருக்கிறது, ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போய்விட்டது. இட அமைப்பில் நேர மண்டலத்தையும் பிரிட்டனுக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.