அடிக்குழாயும் சிலிக்கோனும்: வள்ளத்துக்கு சீலண்ட் பூசுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன், ஜூலை தடைக்காலத்தில் தேங்காய்ப்பட்டணம் பக்கம் வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும்போது சும்மா ஒரு நடை போய்ப் பார்ப்பது என் பழக்கம். இந்த வருஷம் ஒரு பையன், ஃபைபர் வேலைக்குப் புதிது, வள்ளத்தின் அடித்துளையில் பொருத்தி இஞ்சினுக்குக் கடல்தண்ணீர் இழுக்கும் அடிக்குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, துளையைச் சுற்றிப் படிந்திருந்த பழைய சிலிக்கோனை உப்புத்தாளால் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தான். "எலே மக்கா, நிப்பாட்டு" என்று கத்தியே விட்டேன். அவனுக்குக் கோபம். எனக்கோ பழைய நினைப்பு.

பாத்ரூம் சிலிக்கோனை நீர்மட்டத்துக்குக் கீழே பூசக் கூடாது, தேதி முடிந்த டியூபை வாங்கக் கூடாது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் பூசுகிறார்கள், அது வேறு கதை.

சிலிக்கோன் இருந்த இடத்தை முதலில் தேய்ப்பது

தொழிலுக்கு வந்த புதிதில் பொழியூர்க்காரர் ஒருவரின் வள்ளத்துக்கு இதே அடிக்குழாய் வேலை. எனக்கு முன்னால் யாரோ சிலிக்கோன் பூசியிருந்தார்கள், கசிந்தது. பிளேடால் சுரண்டினேன், உப்புத்தாள் போட்டுப் பளபளப்புப் போகத் தேய்த்தேன், நல்ல பாலியூரித்தேன் சீலண்டை, அதாவது கசிவடைக்கும் பசையை, பூசி முறுக்கினேன். மூன்று வாரத்தில் மறுபடியும் சொட்டு. பசை மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு, வேறு டியூப் வாங்கி அதே வேலையை அதேபோலச் செய்தேன். மறுபடியும் சொட்டு.

மூன்றாவது தடவை குழாயைக் கழற்றியபோதுதான் பசையின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். எண்ணெய் தடவிய கல்லிலிருந்து தோசை எழும்புமே, அப்படி ஒரு துணுக்குகூடக் கிழியாமல் வட்டமாக உரிந்து வந்தது. ஒட்டிப் பிய்ந்த பசை அப்படி வராது. பாதி இங்கும் பாதி அங்குமாகக் கிழியும். இது ஒட்டவே இல்லை.

சிலிக்கோனைச் சுரண்டினாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் ஜெல்கோட்டில், அதாவது ஃபைபரின் வழவழப்பான மேல்பூச்சில், நிற்கும். அதன்மேல் பாலியூரித்தேனும் பிடிக்காது, பாலிசல்ஃபைடு என்ற இன்னொரு வகை சீலண்டும் பிடிக்காது, பெயின்ட் அடித்தாலும் குழிகுழியாக விலகும். உப்புத்தாளை முதலில் போட்டால் கீறல் ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தப் படலத்தை நாமே இழுத்து அப்புகிறோம். நான் தேய்க்கத் தேய்க்கக் கெட்ட இடம் அகலமாகிக்கொண்டே போயிருக்கிறது.

கடைசியில் துளையைச் சுற்றி ஒரு கையகலம் கிரைண்டரால் கண்ணாடி இழை தெரியும்வரை அரைத்தேன். உள்பக்கம் குழாய்க்கு முட்டாக வைத்திருந்த பிளைவுட் கறுத்து, விரலால் அமுக்கினால் தண்ணீர் வந்தது. அதையும் வெட்டியெடுத்து, புதுப் பலகை வைத்து, வெட்டுமுகத்தையெல்லாம் எப்பாக்ஸியால் அடைத்து, கண்ணாடி இழை மேட் போட்டு ஏற்றி... கூலி கேட்க வாய் வரவில்லை. பலகைக்காசும் என் கையிலிருந்துதான் போனது. இன்றைக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

முறை இதுதான். முதலில் கூர்மையான பிளேடால் சுரண்டுங்கள். அப்புறம் அசிட்டோன் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். அடுத்த துடைப்புக்குப் புதுத் துணி. துணியில் கஞ்சத்தனம் பார்த்தால் துடைத்ததையே திரும்பப் பூசுவீர்கள். பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் இன்னும் இருக்கிறது, விரிந்து படர்ந்தால் போய்விட்டது. உப்புத்தாள் அதற்குப் பிறகுதான். ஏற்கெனவே தேய்த்துக் கெடுத்த இடம் என்றால் கிரைண்டர்தான் வழி.

கழற்ற வேண்டிய இடத்தில் கழலாத பசை

அடிக்குழாய் பல வருஷம் அங்கேயே இருக்கும். அதற்கு 3எம் 5200 மாதிரி நிரந்தரப் பாலியூரித்தேன் சரி. ஆழமும் மீனும் காட்டும் எக்கோ கருவிக்கு வள்ளத்தின் அடியில் பொருத்தும் டிரான்ஸ்டியூசர் அப்படியல்ல, என்றாவது மாற்றியே ஆக வேண்டும். அதை நிரந்தரப் பசையில் உட்கார வைத்த ஒருவர் பிறகு உளி வைத்து நெம்ப, ஜெல்கோட் பாளமாகக் கூடவே வந்தது. இதற்குப் பிடி குறைந்த பாலியூரித்தேனோ பாலிசல்ஃபைடோ போதும்.

பிளாஸ்டிக்கில் பாலிசல்ஃபைடு

ஏபிஎஸ், அக்ரிலிக், பாலிகார்பனேட் என்றால் வேண்டாம். பிளாஸ்டிக் விரிசல் விடும்.

ஸ்பிரிட்டால் கடைசித் துடைப்பு

பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். அதனால் நம்மூர் மழைக்காலம் அதற்குப் பகையில்லை. பூசும் பரப்பு நனைந்திருப்பதுதான் பகை. தார்ப்பாய் கட்டி, பரப்பை நன்றாகக் காயவிட்டுப் பூசுங்கள். ஈரம் சீக்கிரம் போகட்டும் என்று சிலர் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு உடனே பூசுகிறார்கள். ஆல்கஹால் மிச்சமிருந்தால் பாலியூரித்தேன் இறுகாமல் கொழகொழவென்றே நிற்கும்.

முழு பலத்தோடு முறுக்குவது

பசை மொத்தமும் வெளியே பிதுங்கிவிட்டால் உள்ளே எதை நம்பி இருப்பீர்கள்?

அவசரம்

5200 தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே 48 மணி நேரம் ஆகும். முழுசாக இறுக 5 முதல் 7 நாள்.

அந்தப் பையன் கோபமெல்லாம் தணிந்து, கிரைண்டர் பிடித்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பூசி முடித்தான். "அண்ணே, நாளைக்குப் பூசை முடிஞ்சதும் கடல்ல இறக்கலாமா?"

"அடுத்த ஞாயிறு பூசைக்கு அப்புறம்" என்றேன்.