கவுன்சில் அனுப்பும் கேரர் ஒழுங்காக வராவிட்டால் முறைப்பாடு செய்வது எப்படி?

"சொன்னால் வாறதையும் நிறுத்திப்போடுவாங்கள், விடு பிள்ளை." கவுன்சில் (உள்ளூராட்சி சபை) அனுப்பும் கேரர், அதாவது வீட்டுக்கு வந்து பராமரிப்பவர், நேரம் பிந்தி வருவதைப் பற்றி நான் பேச்செடுத்தபோது அம்மா சொன்னது இது. இங்கிலாந்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் நம்மவர் வீடுகளில் இந்தப் பயம் நிறையவே இருக்கிறது. பயப்பட வேண்டாம். பராமரிப்பு கிடைப்பது தேவையைப் பார்த்துத்தான். முறைப்பாடு செய்தால் அந்தத் தேவை இல்லாமல் போய்விடாது.

முதலில் எழுதி வையுங்கள்

இதுதான் முக்கியம். அம்மாவுக்குக் காலை 8 மணிக்கு அரை மணி நேரம் கேரர் வர வேண்டும். சீனி வருத்தக்காரர், சாப்பிட்டுவிட்டுத்தான் மாத்திரை போட வேண்டும். ஒருநாள் 9.40க்கு எனக்கு போன் பண்ணி, "இன்னும் ஒருவரும் வரேல்லை" என்றார். அன்று மாலை போய், குசினியில் கிடந்த கேரரின் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தால், "8.00 – 8.30" என்று எழுதியிருந்தது. என் போனில் இருந்த 9.40 அழைப்புதான் பிறகு எங்களுக்குச் சாட்சி.

அதனால் ஒரு கொப்பியில் தேதி, வந்த நேரம், போன நேரம், செய்யாமல் விட்ட வேலை என்று அன்றன்றே குறியுங்கள். குறிப்புப் புத்தகத்தின் பக்கங்களையும் படம் எடுங்கள். பிறகு கவுன்சில் தந்த பராமரிப்புத் திட்டத்தை எடுத்து, அதில் உள்ளதையும் நடப்பதையும் ஒப்பிடுங்கள். திட்டத்தின் பிரதி கையில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

அடி, பட்டினி, பணம் காணாமல் போவது போன்றவை என்றால் கொப்பியும் கடிதமும் பிறகு. கவுன்சிலின் பாதுகாப்புப் பிரிவுக்கு (safeguarding) அன்றே சொல்லுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999.

யாரிடம் சொல்வது?

கேரர் ஏதோ ஒரு ஏஜென்சியின் ஆளாக இருக்கலாம். ஆனால் அந்த ஏஜென்சியை ஏற்பாடு செய்தது கவுன்சில் என்றால் பொறுப்பும் கவுன்சிலுடையதுதான். "ஏஜென்சியோடு கதையுங்கள்" என்று தட்டிக்கழித்தால் ஏற்க வேண்டாம். கவுன்சில் இணையதளத்தில் வயது வந்தோர் பராமரிப்புக்கான முறைப்பாட்டுப் பிரிவைத் தேடுங்கள். நடந்து 12 மாதத்துக்குள் சொல்ல வேண்டும். அம்மாவுக்காக நீங்கள் பேசுவதென்றால், அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கி இணையுங்கள்.

என்ன எழுதுவது?

ஒரு பக்கம் போதும். கோபத்தை அல்ல, நடந்ததை எழுதுங்கள். "கேரர் எப்போதும் பிந்தித்தான் வருகிறார்" என்பதைவிட, "மார்ச் 3, 5, 6 ஆகிய மூன்று நாளும் 10 மணிக்குப் பிறகே வந்தார்; அம்மா மாத்திரை போடப் பிந்தியது" என்பதற்குத்தான் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். கடைசியில், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: நேரத்துக்கு வருவது, மன்னிப்பு, வராத நேரத்துக்கு எடுத்த கட்டணத்தைத் திருப்பித் தருவது. பலர் இதை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள்.

ஆங்கிலத்தில் எழுத முடியாதா? வாயால் சொன்னாலும் செல்லும். அதை எழுதிக்கொண்டு உங்களுக்கு ஒரு பிரதி தர வேண்டியது அவர்கள் கடமை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேளுங்கள்.

அப்புறம்?

முறைப்பாடு கிடைத்ததென்று கவுன்சில் 3 வேலை நாளுக்குள் அறிவிக்க வேண்டும். எப்படி விசாரிப்பார்கள், எப்போது பதில் வரும் என்று உங்களோடு பேச வேண்டும். 6 மாதத்துக்குள் பதில் தர முடியாவிட்டால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். போனில் பேசினால், பேசியவர் பெயரைக் குறித்துக்கொண்டு, பேசியதைச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

சிறுவர் பராமரிப்பு பற்றிய முறைப்பாட்டுக்கு வழி வேறு. அது மூன்று கட்டம்.

பதில் திருப்தி இல்லையா?

உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் (கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிப்பவர்) போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. பிரச்சினை தெரியவந்து 12 மாதம் என்ற கெடு இங்கும் உண்டு, ஆகவே கவுன்சிலின் பதில் வந்ததும் ஆறப்போடாதீர்கள். கவுன்சிலின் முடிவு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் ஒம்புட்ஸ்மன் தரப்பினர் அதை மாற்றமாட்டார்கள். செய்த முறையில் பிழை இருந்ததா, அதனால் உங்களுக்குப் பாதிப்பு வந்ததா என்றுதான் பார்ப்பார்கள். அதனால் கவுன்சிலின் பதில் கடிதத்தோடு, அந்தக் கொப்பியின் பக்கங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.